விலைக்கு வாங்கிய முகவரிகள்

மாமல்லபுரத்துக்கு 2015இல் உலகக் கைவினை மன்றம் கற்சிற்ப நகரம் என்ற தகுதியைத் தந்தது. 2017இல் இவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊர்ப்பெயர் கடல் தாண்டிவிட்டது. அதைத் தங்கள் பட்டறைக்கு வரும் ஆர்டராக மாற்றிக்கொள்வதுதான் சிற்பிகளுக்கு மிச்சமிருக்கும் வேலை. ஒத்தவாடைத் தெருவில் அறை வாடகைக்கு விடுபவர்களுக்கும் அதே நிலைதான். இதற்கு மின்னஞ்சலைப் போலச் செலவு குறைந்த வழி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் அதைச் சுற்றியிருக்கும் தவறான நம்பிக்கைகள் கவலை தருகின்றன.

“பத்தாயிரம் முகவரி விலைக்குக் கிடைக்கிறது. பத்து பேர் வாங்கினால் போதுமே!”

கேட்காதவர்களுக்கு மொத்தமாக விளம்பர மடல் அனுப்புவது 1978 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கியது. டெக் என்ற கணினி நிறுவனத்தின் கேரி துர்க் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார், கண்டனம் குவிந்தது. இன்று கண்டனத்தோடு விடுவதில்லை. அனுப்பும் மடல்களை ‘ஸ்பேம்’ என்று புகார் செய்வோர் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலின் விதி. ஆயிரத்தில் மூன்று பேர் எரிச்சலோடு அந்தப் பொத்தானை அழுத்தினாலே சிக்கல். விலைக்கு வாங்கும் பட்டியலிலோ, என்றோ கைவிடப்பட்ட முகவரிகளும், ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிக்கவென்றே வைத்த பொறி முகவரிகளும் கலந்திருக்கும். கெடுவது அந்த ஒரு விளம்பரம் மட்டுமல்ல, உங்கள் முகவரியின் நாணயம். பிறகு டொரொன்டோவிலிருந்து தாமாகவே விநாயகர் சிலைக்கு விலை கேட்பவருக்கு நீங்கள் அனுப்பும் கொட்டேஷனும் ஸ்பேமில் போய் விழக்கூடும்.

நல்ல முகவரிகள் கடைக்குள்ளேயே இருக்கின்றன. மாக்கல்லில் சின்ன நந்தி வாங்கிப் போகிறவரிடம் பில் போடும்போதே, “புதுச் சிற்பங்களின் படம் அனுப்பலாமா?” என்று கேளுங்கள். சரி என்பவரின் முகவரியை, தேதியோடும் அவர் வாங்கிய பொருளோடும் எழுதி வையுங்கள். இப்படிச் சேர்ந்த நூறு பேர், வாங்கிய பத்தாயிரத்தைவிட மேல்.

விடுதிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு விருந்தினரின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவது கட்டாயம். அதற்கென்று வாங்கிய விவரத்தை விளம்பரத்துக்கு எடுத்தாளக் கூடாது. எந்த நோக்கத்துக்குச் சம்மதம் பெற்றீர்களோ அதற்கு மட்டுமே தரவைப் பயன்படுத்தலாம் என்பது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. விளம்பரத்துக்குத் தனியாகக் கேளுங்கள்.

“வாட்ஸ்அப் இருக்க மெயில் எதற்கு?”

சனிக்கிழமை அறை கேட்கும் சென்னைக்காரருக்கு வாட்ஸ்அப்பே போதும். வெளிநாட்டில் கோயில் கட்டும் அறங்காவலர் குழுவுக்குப் போதாது. அங்கே முடிவெடுப்பது ஒருவர் அல்ல. கல்லின் வகை, சிலையின் உயரம், எடை, அளவு வரைபடம், பேக்கிங், கப்பல் செலவு எல்லாவற்றையும் மூன்று பட்டறைகளோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். விவரங்களை மின்னஞ்சலில் தந்தால், அந்த மடலை ஒருவர் மற்றவருக்கு அனுப்பலாம், கூட்டத்துக்கு அச்செடுத்துப் போகலாம், ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம்.

“படம் நிறைய இருந்தால்தான் மயங்குவார்கள்.”

ஜிமெயிலில் இணைப்புகளின் வரம்பு 25 எம்பி. பன்னிரண்டு படங்களை அப்படியே இணைத்தால், போய்ச் சேர்ந்தாலும் கைபேசியில் திறக்கச் சிரமம். ஒரு சிற்பம், ஒரு படம், பத்து வரி போதும். அந்தப் பத்து வரியில் என்ன எழுதுவது என்று தயங்க வேண்டாம். தட்டிப் பார்த்து ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கும் மரபு உங்களுடையது. கண் திறப்பதை ஏன் கடைசிவரை வைத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே வந்து உளிச்சத்தம் கேட்டுவிட்டுப் போனவர், “சிறப்புத் தள்ளுபடி” என்ற தலைப்பைவிட இதைத்தான் ஆவலோடு படிப்பார்.

“பாதிப் பேர் திறந்து பார்த்துவிட்டார்கள்!”

இந்தக் கணக்கை நம்ப முடியாது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியில், பெறுபவர் திறக்காவிட்டாலும் மடலின் படங்கள் முன்கூட்டியே இறக்கப்படுகின்றன; அதுவும் ‘திறந்தார்’ என்றே பதிவாகிறது. பதில் எழுதியவர்களை எண்ணுங்கள்.

“வாரம் ஒன்று அனுப்பினால்தான் மறக்க மாட்டார்கள்.”

சொல்ல விஷயம் இருக்கும்போது எழுதுங்கள். டிசம்பர், ஜனவரியில் நடக்கும் நாட்டிய விழாவுக்கு வரக்கூடிய வெளிநாட்டவர் விமானச் சீட்டை மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுவார். அவருக்கு ஆகஸ்டில் எழுதுவது உதவி, டிசம்பரில் எழுதுவது வீண். எல்லோருக்கும் ஒரே மடலை அனுப்பும்போது முகவரிகளை பிசிசி கட்டத்தில் இடுங்கள்; இல்லையேல் ஒருவர் முகவரி மற்றவர் கைக்குப் போய்விடும். ஒவ்வொரு மடலின் அடியிலும் விலகிக்கொள்ள வழி வையுங்கள். விலகும் வழி தெரியாதவர்தான் ஸ்பேம் பொத்தானைத் தேடுவார்.