பொதுச்சொல் தனிச்சொத்து ஆகுமா?

கடைக்கோ சரக்குக்கோ பெயர் வைக்கும்போது, கேட்டவுடன் விளங்கும் சொல்லாக இருந்தால் நல்லது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் நாளை அதே பெயரை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் தடுக்க முடியுமா? கம்ப்யூட்டர் தொழிலில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பாடமாக உள்ளது.

அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1985 நவம்பரில் ‘விண்டோஸ்’ மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் முறைக்கு ‘விண்டோ’, அதாவது ஜன்னல், என்ற சொல் அதற்கு முன்பே அத்தொழிலில் புழங்கி வந்தது. ஆகவே அப்பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய 1993-இல் பதிவு அலுவலகம் மறுத்தது. 1995-இல்தான் பதிவு கிடைத்தது.

2001-இல் ‘லிண்டோஸ்’ என்ற பெயருடன் ஒரு சிறு நிறுவனம் போட்டிக்கு வந்தது. பெயர் ஒற்றுமையால் வாடிக்கையாளர் ஏமாறுவர் என்று மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. ‘அது பொதுச்சொல், யாருக்கும் உரிமையில்லை’ என்றது எதிர்த்தரப்பு. 2002 மார்ச்சில் நீதிபதி இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். 1985 நவம்பருக்கு முன்பு அச்சொல் பொதுச்சொல்லாக இருந்ததா என்பதையே ஜூரி ஆராய வேண்டும் என்று 2004-இல் கூறினார். அதாவது, பின்னால் விளம்பரத்தால் வந்த புகழ் கணக்கில் வராது.

அவ்வாண்டு ஜூலையில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. சிறு நிறுவனம் தன் பெயரை ‘லின்ஸ்பயர்’ என்று மாற்றிக்கொண்டது. வழக்குப் போட்ட மைக்ரோசாஃப்ட்டோ அதற்கு 2 கோடி டாலர் கொடுத்தது!

நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் இதையொட்டியதே. சரக்கின் வகையையோ தரத்தையோ மட்டும் குறிக்கும் சொல், வணிகத்தில் வழக்கமாகிவிட்ட சொல் ஆகியவற்றைப் பதிவு செய்ய இயலாது. நெடுநாள் உபயோகத்தால் அது நம் சரக்கையே குறிக்கும் பெயராகிவிட்டது என்று, விண்ணப்பிக்கும் முன்பே ஆனதாக நிரூபித்தால் விலக்கு உண்டு.

‘அரிசி மண்டி’, ‘பாத்திரக் கடை’ என்பவை எல்லோருக்கும் பொது. அவற்றோடு நமக்கே உரிய ஒரு சொல்லைச் சேர்ப்போம். பெயர்ப்பலகை எழுதுமுன் பதிவேட்டில் தேடிப் பார்ப்போம். பெயர் பொறித்த பழைய பில்களைப் பத்திரப்படுத்துவோம். வழக்கு என்று வந்தால் அவையே நமக்குச் சாட்சி.