வெள்ளீயம் எவ்வுருவில் உளது?

துறைமுகச் சேற்றில் வெள்ளீயம் எவ்வளவு உளது என்று அளந்துவிட்டால் இரசாயனவியலாளரின் கடமை முடிந்துவிடுமா? முடியாது. அசேதன வெள்ளீயத்தின் நச்சுத்தன்மை சிறிது. கப்பலடியிற் பூசிய வர்ணத்திலிருந்த முப்பியூற்றைல் வெள்ளீயமோ, மிகச் சிறு அளவிலேயே பெண் கடல்நத்தைகளில் ஆணியல்பைத் தோற்றுவித்து அவற்றின் இனப்பெருக்கத்தைக் கெடுத்தது. 2001 இல் ஏற்கப்பட்ட அனைத்துலக உடன்படிக்கை 2008 இல் நடைமுறைக்கு வந்து அதனைத் தடை செய்தது. மூலகம் ஒன்றே, உருவம் வேறு.

எனவே, சேற்றிலிருந்து கரைத்தெடுத்த சேர்வைகளை முதலிற் பிரித்துப் பின்னர் அளத்தல் வேண்டும். காபனீரொட்சைட்டு, 31 பாகை செல்சியசுக்கும் ஏறக்குறைய 73 வளிமண்டல அமுக்கத்துக்கும் மேலே, வாயுவுமன்று, திரவமுமன்று. திரவம்போற் கரைக்கும், திரவத்தினும் விரைந்து பரவவிடும். இத்தகைய பாய்பொருளை நிரலினூடு செலுத்திச் சேர்வைகளைப் பிரிப்பதே மீயவதிப் பாய்பொருள் நிறப்பகுப்பு. 1962 இல் கிளெசுப்பரும் துணைவரும் குளோரோபுளோரோமெதேனைக் கொண்டு நிக்கல் போபிரின்களை இவ்வாறு பிரித்தனர். வெப்பத்தாற் சிதையும் சேர்வைகளுக்கு இம்முறை உகந்தது.

நிரலினின்று வெளிவருவது ஆகன் வாயுவின் பிளாஸ்மாவிற் புகும். அங்கு மூலக்கூறுகள் அணுக்களாய்ச் சிதைந்து அயன்களாகும். திணிவுநிறமாலைமானி 120 என்னுந் திணிவில் வெள்ளீயத்தை எண்ணும். வெளிவாயிலிற் பாய்பொருள் சடுதியாய் விரிந்து குளிருமாதலின், அவ்விடத்தைச் சூடாக்கி வைத்தல் வேண்டும்; தவறின் வழி அடைபடும்.

சேர்வை யாதென வெளிவரும் நேரம் காட்டும். மூலகம் யாதென உணர்கருவி காட்டும். ஒன்றின்றி மற்றதன் சான்று குறையுடையது. மாணாக்கர் 'எவ்வளவு' என்று கேட்பதோடமையாது, 'எவ்வுருவில்' என்றுங் கேட்கப் பழகுவாராக.