மாணவர் ஆர்வக் குழுக்களைச் சுட்டும் ஆங்கிலச் சொற்களும் ‘மன்றம்’ என்னும் தமிழ் ஈடும்

முன்னுரை

பாடவேளைக்கு அப்பால் மாணவர்கள் விருப்பத்தின்பேரில் கூடி இயங்கும் அமைப்புகளை ஆங்கிலம் கிளப், சொசைட்டி, யூனியன் முதலிய சொற்களால் சுட்டுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளி வழக்கில் இவற்றிற்குப் பெரும்பாலும் ‘மன்றம்’ என்பதே ஈடாகிறது. இவ்வீட்டின் பொருத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆங்கிலச் சொற்களின் பொருட்புலம்

‘கிளப்’ என்பது தடியைக் குறித்த பழைய நார்ஸ் சொல்லின் வழிவந்தது. திரளுதல், செலவைப் பகிர்தல் என்னும் பொருள்களைப் பெற்று, 17ஆம் நூற்றாண்டில் உறுப்பினர் கூட்டத்தைக் குறிக்கலாயிற்று. ‘சொசைட்டி’ தோழன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லையும், ‘யூனியன்’ ஒன்று என்னும் எண்ணுப்பெயரையும் அடியாகக் கொண்டவை. மூன்றும் மாந்தரிடையேயான பிணைப்பை முன்னிறுத்துகின்றன.

எனினும் வழக்கில் இவற்றின் எல்லைகள் நெகிழ்வானவை. கேம்பிரிட்ஜில் 1883இல் தோன்றிய ஃபுட்லைட்ஸ் தன்னைக் கிளப் என அழைத்துக்கொண்டது. ஆக்ஸ்போர்டில் 1885இல் தோன்றிய அமைப்பு சொசைட்டி எனப் பெயர் கொண்டது. இரண்டும் மாணவர் நாடக அமைப்புகளே. 1823இல் தோன்றிய ஆக்ஸ்போர்டு யூனியனோ சொற்போர் அமைப்பு; மாணவர் உரிமைக்கான பேராளர் அமைப்பன்று.

தமிழ்ச் சொற்களின் இயல்பு

மன்றம் சங்க இலக்கியத்தில் ஊரார் கூடும் பொதுவிடத்தைக் குறிக்கிறது. பின்னர் அங்குக் கூடுவோர்க்கு இடவாகுபெயராயிற்று. கழகமும் இத்தகையதே; திருக்குறளின் ‘சூது’ அதிகாரத்தில் அது சூதாடும் இடமாகும். ஆகவே கிளப் என்பதில் ‘யார் உறுப்பினர்’ என்பதும், மன்றம் என்பதில் ‘யாவர்க்கும் உரிய இடம்’ என்பதும் முதன்மை பெறுகின்றன. மாணவர் அனைவரையும் வரவேற்கும் இலக்கிய மன்றம், சுற்றுச்சூழல் மன்றம் ஆகியவற்றிற்கு இப்பொதுமை பொருந்துகிறது. ஆனால் விருப்பத்தின்பேரில் சேர்தல் என்னும் கூறு இச்சொல்லில் வெளிப்படுவதில்லை. நீதிமன்றம், சட்டமன்றம் என்னும் வழக்குகளால் அதிகாரச் சாயலும் படிகிறது.

யூனியன் மேலும் சிக்கலுடையது. இலங்கையில் பல்கலைக்கழக மாணவர் பேராளர் அமைப்பு ‘மாணவர் ஒன்றியம்’ எனப்படுகிறது. தமிழ்நாட்டிலோ ‘ஒன்றியம்’ ஊராட்சி நிருவாகப் பிரிவையும் நினைவூட்டும். ஆக்ஸ்போர்டு யூனியனை ‘மாணவர் ஒன்றியம்’ எனப் பெயர்த்தால் இருநாட்டு வாசகரும் வெவ்வேறு வகையில் பிறழ உணர்வர். ‘சொற்போர் மன்றம்’ என்பதே அதன் பணியை விளக்கும்.

முடிவுரை

ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் ஈடு காண்பதைவிட அமைப்பின் பணிக்கு ஈடு காண்பதே ஏற்புடையது. பொதுப் பங்கேற்புக்கு மன்றம், வரையறுத்த சிறு வாசிப்புக் கூட்டத்திற்கு வட்டம், பேராளர் அமைப்புக்குப் பேரவை எனப் பகுத்தாளும் சொல்வளம் தமிழில் உண்டு. இருமொழி அகராதிகள் ஒரு சொல் ஈட்டுடன் நில்லாது இப்பயன்பாட்டு வேறுபாட்டையும் பதிவுசெய்தல் வேண்டும்.