முடிச்சூரில் வேலை, பீகாரில் வீடு: கர்ப்பிணியைப் பதிவு செய்வது எங்கே?

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடுக்குமாடி எழும்புகிற இடங்களில் தகரக் கொட்டகைகளைப் பார்த்திருப்பீர்கள். பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கே தங்குகின்றன. அங்கே ஒரு பெண் கருவுற்றால் எங்கே காட்டுவது? "ஆதார்ல பீகார் அட்ரஸ், இங்க பார்க்க மாட்டாங்க" என்று அவர்களும் நினைக்கிறார்கள். நம்மில் சிலரும் நினைக்கிறோம்.

அப்படி இல்லை. 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிக்குப் பரிசோதனை, மருந்து, ரத்தம், பிரசவம் எல்லாம் இலவசம். சிசேரியன் ஆனாலும் காசு கிடையாது. சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை சாப்பாடு உண்டு. வீடு திரும்ப வண்டியும் உண்டு.

பிறகு சிக்கல் எங்கே? பட்டியலில்தான். கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்கிறார். கொட்டகைக்குக் கதவு எண் இல்லை. அவர் வரும் நேரத்தில் அந்தப் பெண் செங்கல் சுமந்துகொண்டிருப்பார். வேலை முடிந்தால் குடும்பமே வேறு ஊருக்குப் போய்விடும். 12 வாரத்துக்குள் நடக்க வேண்டிய பதிவு தள்ளிப்போய், வலி எடுத்த பிறகுதான் சிலர் முதன்முதலாக மருத்துவமனைக்கு வருகிறார்கள். ரத்தசோகை அப்போது தெரிந்து என்ன செய்வது?

'பிக்மி' தளத்தில் பதிவானதும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்பார்கள். குழந்தை இங்கே பிறந்தால் சான்றிதழும் இங்கேதான். பீகாரில் போய் வாங்க முடியாது. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செவிலியரிடமோ சீக்கிரமே பதிந்துவிட வேண்டும். சொந்த ஊரில் ஏற்கெனவே தாய்சேய் அட்டை வாங்கியிருந்தால், எந்த மொழியில் இருந்தாலும் கொண்டுவரட்டும். போட்ட ஊசி, பார்த்த ரத்த அளவு எல்லாம் அதில் இருக்கும்.

இதில் மேஸ்திரிக்கும் கட்டடப் பொறியாளருக்கும் பங்கு உண்டு. தளத்தில் யார் கர்ப்பமாக இருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பகுதிச் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. அன்றைக்குக் கூலியைப் பிடிக்காமல் அனுப்பிவையுங்கள். கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் வருவதில்லை.

அவசரத்துக்கு 108. தளம் இருக்கும் தெருவையும் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தையும் அவர்களுக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்தில் எழுதிக் கொட்டகையில் ஒட்டிவையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வழி சொல்ல வேண்டியவர் அவர்தான்.