ஆபீஸ் நெட்வொர்க்கில் டொமைன் பெயர் மாற்றம்



ஒரு கம்பெனி இன்னொன்றோடு இணைகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசல் போர்டு மாறும், லெட்டர்பேடு மாறும், ரப்பர் ஸ்டாம்பு மாறும். கடைசியில், "கம்ப்யூட்டர்லயும் பேரை மாத்திடுப்பா" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகிற நம்மில் ஒருவர் தலையில்தான் அது விடியும். திங்கட்கிழமை காலை சம்பள சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்றால், ஆபீஸ் முழுக்க நம்மைத்தான் பார்ப்பார்கள். ஆகவே இந்தப் பாடம்.

டொமைன் என்றால் என்ன?

ஆபீசில் உள்ள கம்ப்யூட்டர்கள், அவற்றில் வேலை செய்பவர்கள் எல்லாரையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து வைப்பது டொமைன். குடும்பத் தலைவர் போன்ற சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். யார் உள்ளே வரலாம் என்று பார்த்து அனுமதிப்பது அதுதான். மைக்ரோசாஃப்ட் 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் 2000 சர்வரில் ஆக்டிவ் டைரக்டரியைக் கொண்டு வந்தபோது, பெயரை மாற்ற நேரான வழி தரவில்லை. விண்டோஸ் சர்வர் 2003-இல்தான் இதற்கென்று 'ரென்டாம்' என்ற கருவி வந்தது.

மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஊழியர்கள் லாகின் செய்யும்போது புதிய பெயர் தெரிந்தால் போதும் என்றால், டொமைனைத் தொடவே வேண்டாம். யு.பி.என். சஃபிக்ஸ் என்ற பின்னொட்டைச் சேர்த்து, ஊழியர்களின் கணக்கில் அதை மாற்றினாலே வேலை முடிந்தது. இன்னொன்று: அந்த டொமைனில் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர், 2007 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருந்தால் பெயர் மாற்றத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு கிடையாது. அங்கே புதிய டொமைன் ஒன்றை அமைத்து, எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி மாற்றுவதுதான் வழி.

பெயர் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது?

ஒரு மனிதர் பெயரை மாற்றி கெசட்டில் போட்டுவிட்டால் முடிந்ததா? ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பத்திரம் என்று ஒவ்வொன்றாக அலைய வேண்டாமா? இங்கேயும் அதே கதைதான். பொது ஃபோல்டருக்குப் போகும் பாதை, பிரிண்டர் அமைப்பு, பேக்கப் வேலை, சம்பள சாஃப்ட்வேர், பாதுகாப்புச் சான்றிதழ், யாரோ என்றோ எழுதி வைத்த ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் பழைய பெயர் உட்கார்ந்திருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று எதிரில் குறிக்க வேண்டும். உண்மையான வேலை இந்தப் பட்டியல்தான்.

எந்தப் பெயர்?

கம்பெனி பதிவு செய்து வைத்திருக்கும் இணையப் பெயருக்குக் கீழே ஒரு கிளைப் பெயர் வைப்பது நல்லது. 'டாட் லோக்கல்' என்று முடிப்பதைத் தவிர்க்க வேண்டும். 2013-இல் அது வேறொரு உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. நெட்பயாஸ் என்கிற சுருக்கப் பெயர் 15 எழுத்துக்கு மேல் போகக் கூடாது.

வேலையின் வரிசை

1. எல்லா டொமைன் கன்ட்ரோலருக்கும் பேக்கப் எடுத்து, அது திரும்ப வருகிறதா என்று தனி இடத்தில் சோதிக்கவும்.
2. புதிய பெயருக்கான டி.என்.எஸ். மண்டலத்தை முன்பே உருவாக்கவும்.
3. டொமைன் கன்ட்ரோலர் அல்லாத ஒரு கம்ப்யூட்டரில் இருந்து ரென்டாமை இயக்கவும். 'லிஸ்ட்' பட்டியல் தரும். அதில் புதிய பெயரை எழுதி 'அப்லோடு' கொடுக்கவும்.
4. 'பிரிப்பேர்' எல்லா டொமைன் கன்ட்ரோலரும் தயாரா என்று பார்க்கும். ஒன்று தயாரில்லை என்றாலும் அங்கேயே நிறுத்தவும்.
5. 'எக்சிகியூட்' கொடுத்ததும் அவை பெயர் மாறித் தாமாகவே ரீஸ்டார்ட் ஆகும்.
6. 'எண்ட்' கொடுத்து, 'ஜிபி ஃபிக்ஸப்' கருவியால் குரூப் பாலிசியைச் சரிசெய்யவும்.
7. மற்ற எல்லாக் கம்ப்யூட்டரையும் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்யவும். லேப்டாப்களைக் கேபிளில் இணைத்துச் செய்யவும்.
8. கடைசியில்தான் 'கிளீன்'.

ஏழாவதையும் எட்டாவதையும் அடிக்கோடு போட்டுப் படியுங்கள். 'கிளீன்' பழைய பெயரின் சுவட்டையே அழித்துவிடும். லீவில் போனவர் வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தால், அது திரும்பி வரும்போது குடும்பத்தை விட்டு வெளியே நிற்கும். மறுபடி புதிதாகச் சேர்க்க வேண்டியதுதான். அதனால் கம்ப்யூட்டர்களை எண்ணி, டிக் அடித்து முடிக்கும்வரை அவசரப்படக் கூடாது. டொமைன் கன்ட்ரோலரின் சொந்த முழுப் பெயர் தானாக மாறாது. அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

முடிவாக

சனிக்கிழமை மாலை ஆரம்பித்தால், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் பின்வாங்குவது என்பதை மேனேஜரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்வாங்குவது சின்ன வேலை இல்லை. பழைய பெயருக்கு இதே படிகளை மறுபடி முழுசாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும். "சின்னப் பையன், சின்னப் பொண்ணு, இதெல்லாம் கேட்கலாமா?" என்று தயங்க வேண்டாம். கேட்பதும் வேலையில் ஒரு பகுதிதான்.

பதறாத காரியம் சிதறாது. கட்டளை அடிப்பது ஒரு ராத்திரி வேலை. பட்டியல் போடுவது ஒரு மாத வேலை. அந்த மாதத்தைக் கேட்டு வாங்குகிறவரே நல்ல டெக்னீஷியன்!