பலகைக்கும் கரை வேண்டும்

கரையில்லாத சேலையை நெசவாளர் தறியிலிருந்து இறக்குவதில்லை. வரப்பில்லாத வயலுக்கு உழவர் நீர் பாய்ச்சுவதில்லை. ஓரம் காக்கப்பட்டாலன்றி நடுவிலுள்ளது நிலைக்காது என்னும் உண்மையை நம் அங்கத்தினர்கள் தத்தம் தொழிலிலேயே கண்டறிந்திருக்கின்றனர். எனினும், சங்கக் கட்டடத்திற்குப் பிளைவுட் பலகையில் அலமாரி செய்விக்கும்போது மட்டும் இவ்வறிவு மறக்கப்பட்டுவிடுகிறது. பலகையின் முகத்தைப் பார்த்து விலை பேசுகிறோம். ஓரத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. ஆதலின் இம்மாதப் பாடத்திற்கு இப்பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

திருப்பாலைவனத்துக் காற்று

பொன்னேரி வட்டத்துத் திருப்பாலைவனமும் அதையடுத்த பழவேற்காட்டு மீனவர் ஊர்களும் இப்பாடத்திற்குத் தக்க இடங்களாகும். திருப்பாலைவனம் என்னும் பெயரைக் கேட்டு மணற்காட்டை எண்ணுதல் கூடாது. பாலை மரங்கள் செறிந்த வனம் என்பதே அதன் பொருள். உலக்கை செய்வதற்கு ஏற்ற வன்மரம் அது. இன்று எல்லா ஊர்களையும் போல அங்கும் அலமாரிக்கு வருவது பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையே.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகைக்கு அடுத்தபடியாக இந்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. ஒருபுறம் ஏரியும் மறுபுறம் வங்கக்கடலும் இருக்க, அங்குள்ள காற்றில் ஈரமும் உப்பும் கலந்தே இருக்கும். மழைக்காலத்தில் அடுப்பங்கரைச் சாடியிலுள்ள உப்பு கசிவதை யாவரும் கண்டிருக்கிறோம். உப்பு ஈரத்தை இழுக்கும் தன்மையது. பலகையின் மீது படியும் உப்புத்தூளும் அவ்வாறே காற்றின் ஈரத்தை இழுத்து மரத்திற்கு ஊட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டால் மூடப்படாத ஓரம் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நீர் நுழையும் வாயில்

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பசையிட்டு அழுத்தியது. ஒரு தகட்டின் நார் நீளவாட்டில் ஓடினால், அடுத்த தகட்டின் நார் குறுக்குவாட்டில் ஓடும். பாவும் ஊடும் போன்ற இவ்வமைப்பே பலகைக்கு வலிமை தருகிறது. ஆனால் பலகையை எப்பக்கம் அறுத்தாலும், சில தகடுகளின் நார்முனைகள் வாய்திறந்து நிற்கும். மரம் உயிரோடிருந்த காலத்தில் நீரை மேலே கொண்டு சென்ற நுண்குழல்களே அவை. பலகையின் முகம் நீரை மெல்லவே ஏற்கும். இம்முனைகளோ விரைந்து உறிஞ்சும்.

‘கடற்பலகைதானே வாங்கினோம், அதற்கு ஏன் ஓரக்கட்டு?’ என்று சிலர் வினவுவர். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையின் பசை கொதிநீரிலும் விடாதது என்பது மெய்யே. எனினும் அவ்வுறுதி பசைக்கு உரியது. தகடு மரமேயாதலின் நீரைக் குடிக்கவே செய்யும். எம்.ஆர். என்னும் சாதாரண ரகமோ காற்றின் ஈரத்தை ஓரளவு தாங்குமேயன்றி, நீரில் நனைந்தால் தாங்காது. உப்பிய ஓரத்தில் பூஞ்சணம் பற்றுகிறது. தகடுகள் பிரிந்து சிராய் எழும்புகின்றது. அச்சிராயில் பட்டுச்சேலையின் ஓர் இழை சிக்கினாலும், வலைநூல் மாட்டினாலும் நஷ்டப்படுபவர் அங்கத்தினரே.

ஒரு சிறு கணக்கு

எட்டடி நீளமும் நான்கடி அகலமுமுள்ள முழுப்பலகைக்குச் சுற்றளவு 24 அடி. அதைத் தட்டுகளுக்காக நான்கடி நீளம், ஓரடி அகலத்தில் எட்டுத் துண்டுகளாக அறுப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு துண்டின் சுற்றளவும் 10 அடி. எட்டுத் துண்டுகளுக்கு 80 அடி. அறுத்த மாத்திரத்தில் 24 அடி ஓரம் 80 அடியாகிவிடுகிறது. வழக்கம்போல் கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தை மட்டும் மூடினால் மூடப்படுவது 32 அடி. திறந்துகிடப்பது 48 அடி.

பலகை 18 மில்லிமீட்டர் கனமாயின், 80 அடி ஓரத்தின் மொத்தப் பரப்பு ஐந்து சதுர அடிக்கும் குறைவே. இருபக்க முகங்களின் பரப்போ 64 சதுர அடி. இந்த ஐந்து சதுர அடியைக் காவாது விட்டால் அறுபத்து நான்கும் பாழாகும்.

எந்தக் கரை ஏற்றது?

மரச்சட்டம்: தேக்கு ரீப்பரை மெல்லியதாக இழைத்து ஓரத்தில் ஒட்டுவது. இடிபட்டாலும் தாங்கும், பழுதுபட்டால் உள்ளூர்த் தச்சரே மாற்றிவிடுவார். ஆனால் இதுவும் மரமாதலின் வர்ணமோ வார்னிஷோ பூசவேண்டும். சரக்கு மூட்டைகள் ஏறியிறங்கும் தட்டுகளுக்கு இதுவே சிறந்தது.

பி.வி.சி. நாடா: இது நீரை உறிஞ்சாது, வர்ணம் வேண்டாம், வழுவழுப்பாயிருப்பதால் துணி வைக்கும் தட்டுகளுக்கு ஏற்றது. ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட மெல்லிய நாடாவும் உண்டு, இரண்டு மில்லிமீட்டர் தடித்ததும் உண்டு. அடிக்கடி கைபடும் ஓரத்திற்குத் தடித்ததே நன்று. 18 மில்லிமீட்டர் பலகைக்கு 22 மில்லிமீட்டர் அகல நாடா வாங்கி, மிகுவதைச் சீவிவிடவேண்டும்.

மைக்காத் துண்டு: முகத்திற்கு ஒட்டியதில் மிஞ்சியதைக் கீறி ஓரத்திற்கு ஒட்டுவர். செலவு குறைவு, ஆனால் மூலைகளில் இடிபட்டால் உடைந்து தெறிக்கும்.

ஒட்டும் முறை

முதலாவதாக, ஓரம் நேராகவும் முகத்திற்குச் செங்குத்தாகவும் இருக்கவேண்டும். மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்க. தகடுகளுக்கிடையே குழி காணப்பட்டால் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைக்கவேண்டும். ஈரம் ஏறிய பலகையை உலர்த்தாமல் ஒட்டலாகாது. உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றிக் கேடு செய்யும்.

இரண்டாவதாக, மரச்சட்டத்திற்கு நீர்தாங்கும் ரகப் பசையையே கேட்டு வாங்கவேண்டும். சாதாரண வெள்ளைப்பசை ஈரத்தில் இளகும். நார்முனைகள் பசையையும் குடித்துவிடுமாதலின், முதலில் மெல்லிய பூச்சொன்று கொடுத்து ஊறவிட்டு, மறுபூச்சின் மேல் சட்டத்தைப் பொருத்துக. தலையில்லா ஆணிகளை அரையடிக்கு ஒன்றாக அடித்தோ கிளாம்பு இட்டோ ஓரிரவு விடுக. சட்டம் பலகையின் கனத்தைவிடச் சிறிது அகலமாயிருந்தால், பின்னர் சமமாக இழைத்துவிடலாம்.

மூன்றாவதாக, பி.வி.சி. நாடாவிற்கு ரப்பர் பசையை நாடாவிலும் ஓரத்திலும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருக்கவேண்டும். ஒருமுறை வைத்துவிட்டால் நகர்த்தவியலாது. ஆதலின் ஒரு முனையிலிருந்து நேராக வைத்துக்கொண்டே சென்று உருளையால் அழுத்துக. மிகுந்ததை அரத்தால் தேய்க்கும்போது பலகையை நோக்கித் தள்ளவேண்டும். வெளியே இழுத்தால் நாடா பெயர்ந்துவிடும். குறுகிய பக்கங்களை முதலிலும் முன்பக்கத்தை இறுதியிலும் ஒட்டினால் இணைப்பு முன்னே தெரியாது. சரக்கு உரசிப் பெயரவும் செய்யாது.

மறைந்த ஓரமே முதல் ஓரம்

சுவரை ஒட்டிய பின்னோரமும் தரையைத் தொடும் அடியோரமும் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனால் ஈரம் முதலில் ஏறுவது அவற்றிலேயே. நாடா ஒட்டப் பணமில்லையெனில், அவற்றிற்கு எனாமல் வர்ணமோ வார்னிஷோ இரண்டு மூன்று பூச்சுக் கொடுத்தாலும் போதும். திருகாணிக்கும் கீலுக்கும் இட்ட துளைகளும் ஓரங்களே. அவற்றிற்கும் ஒரு துளி பூசவேண்டும். பொருத்துமிடத்தில் தச்சர் புதிதாக அறுத்தால் அவ்வெட்டுவாயையும் உடனே மூடவேண்டும். அலமாரியைக் கற்கட்டையின் மேல் இரண்டங்குலம் உயர்த்தி, சுவரிலிருந்து ஓரங்குலம் தள்ளி நிறுத்துவது நலம்.

இவ்வுண்மையை மீனவர் கூட்டுறவு இயக்கம் கடலிலேயே சோதித்திருக்கிறது. 1980ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கடற்பலகையால் படகு கட்டும் தளங்களை நடத்தியது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திலும் அந்தப் பத்தாண்டுகளில் இத்தகைய படகுகள் கட்டப்பட்டன. பலகைகளைக் கம்பியால் தைத்து, இணையும் ஓரங்கள் யாவற்றையும் பிசினாலும் கண்ணாடி நாராலும் மூடுவதே அம்முறை. ஓரம் திறந்த படகு கடலில் நில்லாது. ஓரம் திறந்த அலமாரி கடற்கரையில் நில்லாது.

நிர்வாகிகள் கவனத்திற்கு

சங்கங்களின் விலைப்புள்ளிகளில் ‘பிளைவுட் அலமாரி, இத்தனை சதுர அடி’ என்று மட்டுமே எழுதியிருப்பதைத் தணிக்கையின்போது நாம் பலவிடத்தும் காண்கிறோம். ஓரம் குறிப்பிடப்படாவிடின், ஓரத்தை விட்டுவிடுபவரின் விலையே குறைந்ததாக வரும். முறையாகச் செய்ய எண்ணுபவர் தோற்றுப்போவார். குறைந்த விலை என்று பஞ்சாயத்தார் தீர்மானம் இயற்றுவர். பேரேட்டில் சிறிது சிறிதாகத் தேய்மானம் கழிக்கப்பட வேண்டிய அலமாரி, ஓரிரு மழைக்காலங்களில் உப்பிப் பயனற்றுப்போகும். ஏட்டில் சொத்தாகவும் அறையில் குப்பையாகவும் நிற்கும்.

ஆகவே ‘நான்கு ஓரங்களும் மூடப்படவேண்டும், நாடாவின் கனம் இவ்வளவு, பசை நீர்தாங்கும் ரகம், மறைந்த ஓரங்களுக்கு இத்தனை பூச்சு’ என்று எழுதி, ரன்னிங் அடி எனத் தச்சர் வழங்கும் நீள அடிக் கணக்கில் தனி விலை கேட்கவேண்டும். பொருளை ஏற்கும்போது காரியதரிசி அலமாரியின் பின்னும் அடியிலும் கைவிட்டுத் தடவிப் பார்த்த பின்னரே பட்டியலில் கையொப்பமிடவேண்டும். சங்கத்தின் பணம் அங்கத்தினரின் உழைப்பு. அது ஓரத்தின் வழியே ஒழுகிப்போக விடலாகாது.

அங்கத்தினர் வகுப்பிற்கான வினாக்கள்

1. உங்கள் சங்க அலமாரிகளின் மொத்த ஓரம் எத்தனை அடி? அதில் மூடப்படாதது எவ்வளவு?

2. கொதிநீர் தாங்கும் பசையுள்ள பலகைக்கும் ஓரக்கட்டு ஏன் வேண்டும்?

3. கடைசியாகப் பெற்ற விலைப்புள்ளியில் ஓரத்தைப் பற்றி என்ன எழுதியிருந்தது? அடுத்ததில் என்ன எழுதவேண்டும்?