கொக்கியும் நூலும்

பின்னல் வேலை குளிர்நாட்டாருக்கே உரியது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உதகையிலும் கோடைக்கானலிலும் விற்கும் கம்பளிச் சட்டைகளையும் குல்லாய்களையும் கண்டவர்கள் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும், அவ்வெண்ணம் முழுதும் பொருந்துவதன்று. ஊசிகளைக் கொண்டு கண்ணி கண்ணியாகப் பின்னிய பொருள்களுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையவை, எகிப்து நாட்டில் அகப்பட்ட காலுறைகளும் அவற்றின் துண்டுகளும் ஆகும். அவை ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. அவற்றுட் பல, நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலால் ஆனவை. நைல் ஆற்றங்கரை குளிர்நாடன்று. பருத்தியும் குளிர்நாட்டு நூலன்று. எனவே, பின்னற்கலை தன் இளமைக் காலத்திலேயே வெயிலையும் பருத்தியையும் நன்கு அறிந்திருந்தது எனலாம்.

இதனை அறிய எகிப்துவரை செல்லவும் வேண்டுவதில்லை. நாம் நாள்தோறும் அணியும் பனியனை எடுத்து உற்று நோக்குங்கள். வேட்டியிலும் சேலையிலும் நூல்கள் பாவும் ஊடையுமாக, நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. பனியன் துணியிலோ நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒரு வரிசைக் கண்ணியை அடுத்த வரிசைக் கண்ணி பற்றி நிற்கிறது. அதனாலேயே அத்துணி இழுத்தால் நீள்கிறது, விட்டால் மீள்கிறது, உடலோடு ஒட்டி நின்று வியர்வையை உறிஞ்சுகிறது. கைவிரல்கள் செய்துவந்த இவ்வேலையைச் செய்ய இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589இல் ஒரு பொறியை அமைத்தார். திருப்பூரில் ஓடும் பனியன் பொறிகள் எல்லாம் அப்பொறியின் வழித்தோன்றல்களே.

இரட்டை ஊசிப் பின்னல் இவ்வாறு பொறியின் வசப்பட்டது. ஆனால், அதன் உடன்பிறப்பாகிய மற்றொரு பின்னல் இன்றளவும் கையை விட்டு அகலவில்லை. அதுவே குரோஷா என்று நம் வீடுகளில் வழங்கும் கொக்கிப் பின்னல். பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கி என்னும் பொருளுடைய சொல்லே நம் நாவில் இவ்வாறு திரிந்தது. நுனியில் சிறு கொக்கி அமைந்த ஓர் ஊசி, ஓர் உருண்டை நூல் இவையே அதற்குக் கருவி. ஒத்த தோற்றமுடைய துணிகளைச் சில பொறிகள் செய்கின்றன. எனினும் உண்மையான கொக்கிப் பின்னலைப் பொறி செய்வதில்லை. ஆகவே, அத்தகைய பொருள் ஒன்று எந்தக் கடையில் தொங்கினாலும், அது யாரோ ஒருவர் தம் கையால் ஒவ்வொரு கண்ணியாக இழுத்துச் செய்தது என்பதில் ஐயமில்லை. இதனை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

(நாகர்கோவில், இடையன்குடி முதலிய ஊர்களில் பாதிரிமாரின் மனைவியர் கற்பித்த லேஸ் வேலை இதனின் வேறானது. அது திண்டின்மேல் குண்டூசிகளை ஊன்றி, பல நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது.)

கொக்கி ஊசியை எழுதுகோல் பிடிப்பதுபோல் வலக்கையிற் பிடித்தல் வேண்டும். இடக்கைச் சுட்டுவிரலின்மேல் நூல் ஓட வேண்டும். முதலில் ஒரு சுருக்குக் கண்ணி இட்டு, நூலைக் கொக்கியிற் சுற்றி அக்கண்ணியின் வழியே இழுத்தால் இரண்டாம் கண்ணி பிறக்கும். இவ்வாறே தொடர்ந்தால் ஒரு சங்கிலி உண்டாகும். சங்கிலியின் கண்ணி ஒன்றில் கொக்கியைச் செருகி நூலை இழுத்தால் ஊசிமேல் இரண்டு கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டையும் ஒருங்கே கடந்து இழுத்தால் அது குட்டைப் பின்னல். செருகுவதற்கு முன்பே நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பின் இரண்டிரண்டு கண்ணியாகக் கழித்தால் அது நெட்டைப் பின்னல். சங்கிலி, குட்டை, நெட்டை என்னும் இம்மூன்றையும் அறிந்தவர் ஏனையவற்றைத் தாமே கண்டுகொள்வர். நூலுக்கு எண் உண்டு. எண் ஏற ஏற நூல் மெலியும். 10ஆம் எண் தடித்தது, 60ஆம் எண் மிக நுண்ணியது. புதிதாகப் பழகுவோர் 10ஆம் எண்ணில் தொடங்குவது கண்ணுக்கு நல்லது.

இப்பின்னல் வெப்பநாட்டிற்கு ஏன் பொருந்துகிறது? அதன் அழகெல்லாம் நூலில் இல்லை. நூலுக்கு இடையே விட்ட வெளியில் இருக்கிறது. நெட்டைப் பின்னல் ஒன்று, சங்கிலி இரண்டு, மீண்டும் நெட்டை ஒன்று என்று பின்னிச் சென்றால் சாளரங்கள் போன்ற கட்டங்கள் தோன்றும். சாளரம் உள்ள இடத்தில் காற்றும் உண்டன்றோ? கம்பளியில் அடர்த்தி பெருமை. பருத்தியில் வெளியே பெருமை. நம் முன்னோர் ஆடையை மதித்த முறையும் இதுவே. கரிகாலன் பொருநனுக்கு அளித்த ஆடையைப் பாம்பின் உரிக்கு ஒப்பிடுகிறது பொருநராற்றுப்படை. அது நெய்த ஆடை, பின்னியதன்று. எனினும், வெயில் நாட்டில் கொடைக்கு உரிய ஆடை கனத்தால் அன்று, மென்மையால் மதிப்புப் பெறும் என்பது அதனால் விளங்கும்.

இக்காலத்தில் பல வண்ணங்களில் மலிவாய்க் கிடைக்கும் செயற்கை நூல் கண்ணைக் கவரும். ஆனால் வியர்வையை ஏற்காது, வெப்பத்தையும் வெளியே விடாது. உடலில் அணியும் பொருளுக்குப் பருத்தியே ஏற்றது. பருத்திக்கும் ஒரு குறை உண்டு. கம்பளிபோல் அது நெகிழ்ந்து கொடுப்பதில்லை. ஆதலின் ஓரிடத்தில் இறுக்கியும் ஓரிடத்தில் தளர்த்தியும் பின்னினால் அவ்வேறுபாட்டை அது மறைக்காது காட்டிவிடும்.

வட்டமாகப் பின்னுவதில் ஒரு கணக்கு உண்டு. குட்டைப் பின்னலில் முதற்சுற்றுக்கு 6 கண்ணி இட்டால், இரண்டாம் சுற்றுக்கு 12, மூன்றாம் சுற்றுக்கு 18, நான்காம் சுற்றுக்கு 24 என்று சுற்றுக்கு ஆறாறு கண்ணி கூட்டிவர வேண்டும். அப்போதுதான் வட்டம் தட்டையாகக் கிடக்கும். கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு மேலெழுந்து கிண்ணமாகும். குழந்தையின் தலைச்சுற்றளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விட்டம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திப் பின்னிச் சென்றால் குல்லாய் ஆகிவிடும். மாறாக, அளவுக்கு மீறிக் கூட்டினாலோ விளிம்பு கொசுவம்போல் அலைந்து நெளியும். இந்நெளிவைப் பிழை என்று பிரித்துப் போடுவதே வழக்கம். ஆனால் தைனா தைமினா என்னும் கணித ஆசிரியை 1997இல் வேண்டுமென்றே இவ்வாறு பின்னி, காகிதத்தில் நன்கு காட்ட இயலாத ஒருவகை வளைபரப்பை மாணவர் கையால் தொட்டு உணரும்படி செய்தார். அப்பரப்பில் ஒரு நேர்க்கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியின் வழியே, அக்கோட்டைச் சந்திக்காத கோடுகள் பல செல்லும்.

கோடை விடுமுறையில் பழகுவோர் எதைப் பின்னலாம்? வானொலிப் பெட்டிக்கும், பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் லேஸ் பின்னிப் போர்த்திய காலம் ஒன்று இருந்தது. அப்பெட்டிகளுக்குக் குளிரும் இல்லை, நாணமும் இல்லை, எதற்காகப் போர்த்தினார்களோ! பயன்படும் பொருளைப் பின்னுவதே சிறப்பு. மோர்ப்பானைக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் வலைமூடி பின்னலாம். பாத்திரத்தின் வாயினும் மூன்று நான்கு அங்குலம் அகன்ற வட்டமாகப் பின்னி, விளிம்பில் எட்டு அல்லது பத்து இடங்களில் கண்ணாடி மணிகள் தொங்கவிட வேண்டும். மணிகளின் கனத்தால் மூடி காற்றில் பறவாது, ஈ நுழையாது, உள்ளே புழுக்கமும் இராது. விளிம்புச் சுற்றைத் தொடங்குமுன்பே மணிகளை எல்லாம் நூலிற் கோத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறந்தவர், பின்னியதைப் பிரிக்க நேரும்.

கைக்குட்டைக்கு ஓரம் பின்னுவது மற்றொன்று. துணியை முதலில் நீரில் நனைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். இல்லையேல், பின்னர்த் துணி சுருங்கி, ஓரம் சுருங்காது நின்று, இரண்டும் ஒன்றோடொன்று பிணங்கும். மூலை திரும்பும்போது ஒரே துளையில் மூன்று கண்ணி இடுதல் வேண்டும். ஒன்றே இட்டால் மூலை மடங்கிக் குவியும். முடித்த பின் நனைத்து, மெல்லிய சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, துருப்பிடியாத குண்டூசிகளால் வடிவம் பிறழாமல் பலகையில் ஊன்றி நிழலில் உலர்த்தினால், கலைந்து கிடந்த பூக்களெல்லாம் இதழ் விரித்து நிற்கும்.

குழந்தை பிறந்த வீட்டிற்குப் பரிசு பின்னுவோர் மிகுந்த விழிப்போடு இருத்தல் வேண்டும். கையுறையிலும் காலுறையிலும் உட்புறம் நூல் தொங்கினாலோ கண்ணிகள் அகன்றிருந்தாலோ குழந்தையின் மெல்லிய விரல் அதிற் சிக்கிக்கொள்ளும். நூல் இறுகிக் குருதியோட்டம் தடைப்படவும் கூடும். குழந்தையோ தன் நோவைச் சொல்ல அறியாது. ஆதலின் நூல் முனைகளை உள்ளே ஓட்டிப் பலமுறை மடித்துக் கோத்துவிட வேண்டும். மணியும் பொத்தானும் வேண்டா. புழுக்கமான அறையில் உறங்கும் குழந்தைக்குக் குல்லாய் அணிவிப்பதும் தகாது. பின்னியவர் மனம் மகிழ வேண்டும் என்பதற்காகக் குழந்தை வெந்து வருந்துதல் நன்றோ?

பொழுதுபோக்காகவும் பரிசாகவும் நாம் காணும் இவ்வேலை, ஒரு காலத்தில் உயிர்காக்கும் வேலையாயிற்று. அயர்லாந்து நாட்டில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் பற்றி அழித்தது. அக்கிழங்கையே உணவாகக் கொண்டிருந்த ஏழை மக்கள் பஞ்சத்தில் வீழ்ந்தனர். ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டு வெளியேறினர். அப்போது கன்னிமாடத்துத் துறவியரும் பிறரும் பெண்களுக்குக் கொக்கிப் பின்னல் கற்பித்தனர். குளோன்ஸ் என்னும் ஊரில் பாதிரியார் ஒருவரின் மனைவியாகிய கசாண்டிரா ஹேண்டு 1847இல் இவ்வேலையைத் தொடங்கி வைத்தார். ஊசியால் மட்டும் செய்யும் பழைய லேஸினும் இது விரைந்து முடியும், விலைபோகும். ஒரு பெண் ரோசாப்பூ மட்டும் பின்னுவாள். ஒருத்தி இலை பின்னுவாள். வேறொருத்தி அவற்றையெல்லாம் நுண்ணிய வலையால் இணைப்பாள். நிலம் கைவிட்ட வீடுகளில் கொக்கி ஊசி அடுப்பெரித்தது.

நம் அண்டை நாடாகிய ஆந்திரத்தில், கோதாவரி கடலொடு கலக்கும் பகுதியில் நரசாப்பூர் என்னும் ஊர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ சமயத் தொண்டர்கள் அங்கு இக்கலையைக் கற்பித்தனர். சுற்றிலும் உள்ள சிற்றூர்ப் பெண்கள் பின்னிய லேஸ் பல நாடுகளுக்குக் கப்பலேறியது. வணிகரின் ஆட்கள் வீடுதோறும் நூலைக் கொடுத்துச் சென்று, பின்னியதை வாங்கிச் செல்வர். ஜெர்மன் நாட்டு அறிஞராகிய மரியா மீஸ் அங்குச் சென்று ஆராய்ந்து, 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்கள் வீட்டு வேலைகளுக்கு இடையே நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம்வரை பின்னினர். அவர்கள் பெற்ற கூலியோ வயல்வேலைக்குச் செல்லும் பெண்ணின் கூலியினும் குறைவு. வீட்டில் இருக்கும் பெண் ஓய்வு நேரத்திற் செய்யும் கைவேலைதானே என்னும் ஒரு சொல்லால் அவ்வுழைப்பு முழுதும் மறைக்கப்பட்டது என்று அவர் காட்டினார்.

இங்குத்தான் பரிசுக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை நுணுகி நோக்குதல் வேண்டும். ஒரு கைக்குட்டை ஓரத்திற்குச் செல்லும் நூல் சிறிது. செல்லும் மாலைப்பொழுதுகள் பல. தோழிக்காகப் பின்னும்போது அப்பொழுதுகளை நாம் எண்ணுவதில்லை. எண்ணாமையே அப்பரிசின் உயிர். அதே ஓரத்தை விற்பதற்காகப் பின்னும் ஒருத்திக்கு அப்பொழுதுகளே செல்வம். அவளுடைய நேரத்தையும் எண்ணாமல் விடுவது அன்பாகாது. அது ஒருவகைக் களவு என்பதே என் கருத்து.

பின்னிய பரிசுகளுள் புகழ்பெற்ற ஒன்று நம் நாட்டிலிருந்து சென்றது. 1947 நவம்பர் 20இல் இங்கிலாந்து இளவரசியாகிய எலிசபெத்தின் திருமணம் நடைபெற்றது. பல நாட்டு அரசரும் செல்வரும் அணிகலன்களை அனுப்பினர். தம் உடைமைகளை எல்லாம் ஈந்துவிட்டமையால் கொடுப்பதற்குத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று காந்தியடிகள் கூறினார் என்றும், இராட்டை இருக்கிறதே, நூற்கலாமே என்று மவுண்ட்பேட்டன் விடை கூறினார் என்றும் சொல்வர். அடிகள் தம் கையால் நூற்ற பருத்தி நூலைக் கொண்டு, கொக்கிப் பின்னலால் ஒரு விரிப்புச் செய்யப்பட்டது. அதன் நடுவே ஜெய் ஹிந்த் என்னும் சொற்கள் பின்னப்பட்டிருந்தன. இளவரசி பின்னர் 1952இல் அரசியானார். 2022இல் மறையும்வரை அவ்விரிப்பு அவரிடம் இருந்தது. அந்நூலை நூற்றவரின் பெயரை உலகமே அறியும். அதனைப் பின்னியவர் ஒரு பஞ்சாபிப் பெண் என்று மட்டுமே பெரும்பாலான குறிப்புகள் கூறுகின்றன.